முதல் வாசலும் இரண்டாம் வாசலும்: ‘கிரேசி ரிச் ஏசியன்ஸ்’ குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

படம் 1995இல், லண்டனில், கொட்டும் மழையில் தொடங்குகிறது. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு சீனக் குடும்பம் தொப்பலாக நனைந்துபோய் பழம்பெருமை பேசும் ஒரு ஹோட்டலுக்குள் நுழைகிறது. முன்பதிவு செய்திருந்தும் அறை இல்லை என்கிறார்கள். சைனாடவுன் பக்கம் போய்ப் பாருங்கள் என்று நாசூக்காக விரட்டுகிறார்கள். எலினார் யங் வெளியே போய் ஒரு போன் பேசிவிட்டுத் திரும்பி வருகிறார். அதற்குள் ஹோட்டலே அவர் குடும்பத்துக்குச் சொந்தமாகியிருக்கிறது.

இரண்டாவது வாசல் சிங்கப்பூரில் வருகிறது. நாயகி ரேச்சல் சூ நியூயார்க்கில் பொருளியல் பேராசிரியர். காதலன் நிக் யங்கின் குடும்ப மாளிகையைத் தேடி, கல்லூரித் தோழி பெய்க் லின்னின் காரில் போகிறாள். மரங்கள் அடர்ந்த இருட்டுப் பாதை. ஆயுதம் ஏந்திய, தலைப்பாகை கட்டிய மாநிறக் காவலர்கள் திடீரென்று முன்னால் வந்து நிற்கிறார்கள். இரண்டு பெண்களும் மிரண்டுபோகிறார்கள், நமக்குச் சிரிப்பு வர வேண்டும். அப்புறம் வழி திறக்கிறது, ஜொலிக்கும் மாளிகை வருகிறது. காவலர்களைப் படம் அத்தோடு மறந்துவிடுகிறது.

இனத்தைக் காரணம் காட்டி ஒரு வாசலில் விரட்டப்பட்ட குடும்பத்தின் சொந்த வாசலில், வேறு இனத்து ஆட்கள் பூச்சாண்டியாக நிற்கிறார்கள். படம் எடுத்தவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து யோசித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் திரையில் யாருக்கு இடம், எப்படிப்பட்ட இடம் என்று பேச, சமீப காலக் காதல் நகைச்சுவைப் படங்களில் இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடைக்காது. அமெரிக்காவில் ஆசியர்கள் கண்ணீரோடு கொண்டாடிய படம் இது. கதை நடக்கும் ஊரில் சிறுபான்மையினர் பலர் முகம் சுளித்ததும் இதே படத்துக்குத்தான். இரண்டுமே நியாயமான எதிர்வினைகள்.

பின்னணி

ஹாலிவுட் பெரிய ஸ்டுடியோ ஒன்று, நிகழ்காலத்தில் நடக்கும் கதையை, பெரும்பாலும் ஆசிய வம்சாவளி நடிகர்களை வைத்து எடுத்தது 1993இல், ‘தி ஜாய் லக் கிளப்’ படத்தில். அதற்கு அடுத்தது 2018 ஆகஸ்ட் 15 அன்று வெளியான ‘கிரேசி ரிச் ஏசியன்ஸ்’. நடுவில் 25 வருடம்.

அந்த 25 வருடத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் போதும். 2015இல் ‘அலோஹா’ என்றொரு படம் வந்தது. இதே வகை, காதலும் நகைச்சுவையும் கலந்த நாடகம். அதில் சீன, ஹவாய் ரத்தம் கலந்த அலிசன் இங் என்ற பாத்திரத்தில் நடித்தவர் எம்மா ஸ்டோன். இயக்குநர் கேமரன் குரோ பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. 2019 ஜனவரியில் கோல்டன் குளோப் மேடையில் நடிகை சாண்ட்ரா ஓ, ‘கிரேசி ரிச் ஏசியன்ஸ்’ பற்றிச் சொல்லும்போது, ‘கோஸ்ட் இன் தி ஷெல்’லுக்கும் (அதிலும் ஜப்பானியப் பாத்திரத்தில் வெள்ளை நடிகை) ‘அலோஹா’வுக்கும் பிறகு ஆசிய அமெரிக்கர் முன்னணியில் நடித்த முதல் ஸ்டுடியோ படம் என்று முகத்தை மாற்றாமல் குத்தினார். கூட்டத்திலிருந்து எம்மா ஸ்டோன் “மன்னிச்சிடுங்க” என்று கத்தியது நேரலையிலேயே கேட்டது.

தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு ஒன்று 2007 முதல் 2019 வரை அதிகம் ஓடிய 1,300 படங்களை எடுத்துப் பார்த்தது. ஆசிய, பசிபிக் தீவு வம்சாவளியினர் நாயகராகவோ இணை நாயகராகவோ வந்தவை 44. அதில் 14 படங்கள் டுவைன் ஜான்சன் என்ற ஒரே மனிதருடையவை. மீதியில் காதல் கதைகளைத் தேடினால் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

காதல் நகைச்சுவை என்பது தனி ரகம். அடிதடிப் படத்தில் ஆசியருக்கு எப்போதும் இடம் உண்டு, குங்ஃபூ தெரிந்தால் போதும். சோகப் படத்திலும் உண்டு. அகதி, அடிமை, ஏழைத் தாய். காதல் நகைச்சுவையில் மட்டும் ஒருவர் அழகானவர், ஆசைப்படத் தக்கவர், அசடு வழிந்தாலும் ரசிக்கத் தக்கவர் என்று பார்வையாளர் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். 1984இல் வந்த ‘சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்’ படத்தில் ஆசிய மாணவன் திரையில் வரும்போதெல்லாம் கோங் மணி அடித்துச் சிரிப்பு மூட்டினார்கள். அந்த மணிச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த ஆசிய அமெரிக்க ஆண்களுக்கு, சட்டையில்லாமல் நிற்கும் நிக் யங் வெறும் கதாநாயகன் அல்ல.

படம் உருவான கதை

கெவின் குவான் சிங்கப்பூரில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போனவர். 2013இல் அவர் எழுதிய இதே பெயர் நாவல் வந்தது. படமாக்கும் பேச்சு தொடங்கியபோதே ஒரு தயாரிப்பாளர், ரேச்சலை வெள்ளைக்காரப் பெண்ணாக மாற்றலாமே என்று யோசனை சொன்னதாகக் குவான் பிறகு பேட்டிகளில் சொன்னார். அவர் படமாக்கும் உரிமையை வெறும் ஒரு டாலருக்குக் கொடுத்தார். அதற்குப் பதிலாக, முடிவுகளில் தனக்கும் பங்கு வேண்டும் என்றார்.

படம் எடுக்கத் தயாரானபோது நெட்ஃபிளிக்ஸ் பெரும் தொகையோடு வந்தது. மூன்று பாகங்களுக்கும் உறுதி, கையில் உடனே காசு. குவானும் இயக்குநர் ஜான் எம். சூவும் அதை மறுத்துவிட்டு, குறைந்த பணத்துக்கு வார்னர் பிரதர்ஸுக்குப் போனார்கள். வீட்டு சோபாவில் பார்த்துவிட்டு மறந்துபோகிற படமாக இது ஆகிவிடக்கூடாது, தியேட்டர் வாசலில் பெயர் எரிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நல்ல கணக்குதான், வசூல் எண் வெளியே தெரிந்தால்தான் அடுத்த படத்துக்குப் பேரம் பேச முடியும்.

நாயகனைத் தேடி உலகம் முழுக்க வலை வீசினார்கள். கடைசியில் மலேசியாவில் தயாரிப்பு வேலையில் இருந்த ஒரு கணக்காளர் சொல்லித்தான் ஹென்றி கோல்டிங் கிடைத்தார். சரவாக்கில் இபான் தாய்க்கும் ஆங்கிலேயத் தந்தைக்கும் பிறந்தவர், பயண நிகழ்ச்சித் தொகுப்பாளர், அதுவரை எந்தப் படத்திலும் நடித்ததில்லை. பாதி வெள்ளையர் எப்படிச் சீன நாயகனாகலாம் என்று ஒரு சர்ச்சை கிளம்பியது. கொரிய வம்சாவளி கென் ஜியோங், ஜப்பானிய வேர் கொண்ட சொனோயா மிசுனோ, பிலிப்பினோவான நிகோ சாண்டோஸ் ஆகியோர் சீனர்களாக நடிப்பது பற்றியும் பேச்சு எழுந்தது. எனக்கு இந்தச் சர்ச்சையில் பெரிய ஈடுபாடு இல்லை. டிஎன்ஏ பரிசோதனை வைத்து நடிகர் தேர்வு செய்யப் போனால் அது வேறொரு அசிங்கத்தில் போய் முடியும்.

சிங்கப்பூர்க் கதை என்றாலும் பெரும் பகுதி மலேசியாவில் எடுக்கப்பட்டது. யங் குடும்ப மாளிகையாக வருவது கோலாலம்பூரின் கார்கோசா செரி நெகாரா. மலாய் நாடுகளின் முதல் ரெசிடென்ட் ஜெனரல் ஃபிராங்க் சுவெட்டன்ஹாமுக்காகக் கட்டிய பங்களா. சீனக் கோடீஸ்வரரின் பரம்பரை வீடாகக் காட்டப்படுவது பிரிட்டிஷ் அதிகாரியின் வீடு.

எது பலித்தது

3 கோடி டாலரில் எடுத்த படம் முதல் ஐந்து நாளில் 3.5 கோடி வசூலித்தது. அதைவிட முக்கியம் இரண்டாவது வாரம். சாதாரணமாகப் பாதியாக விழும் வசூல் இதற்கு 6 சதவீதம்தான் குறைந்தது. ஆசிய அமெரிக்கத் தொழில்முனைவோர் முழுத் தியேட்டர் காட்சிகளையே வாங்கி டிக்கெட் கொடுத்தார்கள். பாட்டியையும் பேரனையும் கூட்டிக்கொண்டு குடும்பங்கள் வந்தன. அமெரிக்காவில் 17 கோடிக்கு மேல், உலகம் முழுக்க 24 கோடி டாலரை ஒட்டி வசூல்.

ஆனால் படத்தின் உண்மையான சாமர்த்தியம் கதையின் கடைசிப் பகுதியில், மாஜோங் என்ற சீனக் கட்டை விளையாட்டு ஆடும் காட்சி. நாவலில் இல்லாதது, படத்துக்காக எழுதியது. பினாங்கில் உள்ள சியோங் ஃபாட் ஸீ மாளிகையில் எடுத்தது. ரேச்சலும் வருங்கால மாமியார் எலினாரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுகிறார்கள். நிக் தன்னிடம் திருமணம் கேட்டதையும் தான் மறுத்துவிட்டதையும் ரேச்சல் நிதானமாகச் சொல்கிறாள். கையில் ஒரு மூங்கில் கட்டை, எண் 8. அதை வைத்துக்கொண்டால் அவளுக்கு வெற்றி. அதுதான் எலினாருக்கும் தேவைப்படுகிற கட்டை. ரேச்சல் அதைக் கீழே வைக்கிறாள், எலினார் எடுத்து ஜெயிக்கிறார். அப்புறம்தான் ரேச்சல் தன் கட்டைகளைத் திருப்பிக் காட்டுகிறாள்: ஜெயித்திருக்க முடியும், விட்டுக்கொடுத்தேன். ஆட்டக் கோட்பாடு (கேம் தியரி) சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர், காதலிலும் அதே கணக்கைப் போட்டுக் காட்டுகிறாள்.

ஆட்ட விதிகள் என்னவென்று படம் ஒரு வரிகூட விளக்குவதில்லை. தெரிந்தவர்களுக்கு ஒவ்வொரு கட்டையும் பேசும். தெரியாதவர்களுக்கு இரண்டு பெண்களின் முகம் போதும். வெள்ளைக்காரப் பார்வையாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடத்த ஒரு பாத்திரத்தை நுழைக்கவே இல்லை. காதலுக்குத் தடையாக வருவதும் நிறவெறி அல்ல. வர்க்கம், குலப் பெருமை, அமெரிக்காவில் வளர்ந்தவள் என்ற இளக்காரம். சொந்தச் சண்டையைச் சொந்த மொழியில் போட்டுக்கொள்ளும் சுதந்திரம் அது. மிஷெல் யோவின் எலினாரும் வில்லி இல்லை. தன் மாமியாரால் மதிக்கப்படாத மருமகளின் காயம் அந்த விறைப்புக்கு அடியில் இருக்கிறது.

கடல் தாண்டினால்

சிங்கப்பூர்க் குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் சீனர் ஏறக்குறைய 74 சதவீதம், மலாய்க்காரர் 13, இந்தியர் 9. இந்தியரில் பாதிக்கு மேல் தமிழர். நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் தமிழும் ஒன்று. லாஸ் ஏஞ்சலிஸில் சிறுபான்மையாக இருந்த முகங்கள் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் பெரும்பான்மையாகிவிடுகின்றன. படம் இந்த மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை.

பத்திரிகையாளர் கர்ஸ்டன் ஹான் அப்போது எழுதியதன் சாரம் இதுதான்: அமெரிக்க ஆசியர்களுக்கு இது வெற்றி, சிங்கப்பூரை மட்டும் தப்பாகக் காட்டியிருக்கிறார்கள். சீனப் பெரும்பான்மையின் சலுகைகளைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்த சங்கீதா தனபாலும் படத்தைக் கடுமையாக விமர்சித்தார். எதிர்த்தரப்பு வாதம் எளிது. இது ஒரு பணக்காரச் சீனக் குலத்தின் கதை, எல்லா ஆசியரையும் ஒரே படம் சுமக்க முடியாது. இயக்குநரே அந்தப் பொருளில் பேசினார்.

பாதி சரி. யங் குடும்பத்தில் ஒரு முத்துசாமியைக் கட்டாயமாக நுழைத்திருந்தால் அதைவிடச் செயற்கையாக எதுவும் இருந்திருக்காது. அந்த வர்க்கம் அப்படித்தான் தனக்குள்ளேயே பழகும்; அதைக் காட்டியது குற்றமில்லை. என் புகார் வேறு. பணத்தைத் திரையில் எப்படிக் காட்டுவது? நகை, கார், விருந்து எல்லாம் காட்டலாம். ஆனால் வேலை செய்யும் கைகள் தெரியாமல் பெரும்பணம் தெரியாது. கதவு திறப்பவர், காவல் காப்பவர், தட்டு ஏந்துபவர் வேண்டும். அவர்களுக்கு ஒரு நிறம் இருந்தாக வேண்டும். மாநிற மனிதர்கள் இந்தப் படத்தில் தென்படுவது பெரும்பாலும் அந்த வேலைக்காகத்தான். பெயர் இல்லை, ஆசை இல்லை, ஒரு நகைச்சுவை வரிகூட இல்லை. முதல் வாசல் காட்சியில், அவமானப்பட்ட குடும்பத்தின் முகங்களைக் கேமரா அக்கறையோடு பார்க்கிறது. இரண்டாம் வாசலில் காரில் இருப்பவர்களின் பயம் மட்டுமே அதன் கண்ணில் படுகிறது.

நியூட்டன் உணவு வளாகக் காட்சியையும் பாருங்கள். சாத்தே வருகிறது, அது மலாய்க்காரர் உணவு. அதைச் சுவைக்கும் மேசையில் நிக், ரேச்சல், நிக்கின் நண்பன் காலின், காலின் மணக்கப்போகும் அரமிந்தா. உணவுக்குக் கிடைத்த இருக்கை அதைச் சமைத்த இனத்துக்குக் கிடைக்கவில்லை. இந்தான் என்ற மலாய்ப் பெயரோடு ஒரு இளவரசி திருமணக் காட்சியில் மரியாதையாக வருகிறார். அந்தப் பாத்திரமும் பிலிப்பைன்ஸ் பிரபலம் கிறிஸ் அக்கினோவுக்குப் போனது.

ஆலிவர் என்ற தன்பாலீர்ப்பாளர் பாத்திரம் நாயகிக்கு உடை தேர்ந்து கொடுக்கும் கலகலப்பான துணைவனோடு நின்றுவிடுகிறது. படம் வந்தபோது ஆண்களுக்கிடையேயான உறவு சிங்கப்பூர்ச் சட்டப்படி குற்றம். 377ஏ பிரிவை நாடாளுமன்றம் நீக்கியது 2022 நவம்பரில்தான். அந்த ஊரில் ஆலிவரின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று படம் ஒரு நொடி யோசித்திருந்தால் இன்னொரு நல்ல படமே கிடைத்திருக்கும்.

சிங்கப்பூர் அரசுக்குப் படத்தால் மகிழ்ச்சி. மரினா பே, கார்டன்ஸ் பை தி பே எல்லாம் சுற்றுலா விளம்பரமாகவே மின்னின. ஒரு சின்ன வேடிக்கை: நாவலாசிரியர் குவான் சிங்கப்பூரில் நடந்த முதல் காட்சிக்கு வரவில்லை. தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்கு, பதிவு செய்யாததால் அவர் தேடப்படுபவர் என்று பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது அந்த ஆகஸ்டில்தான்.

சீனாவிலோ படம் படுத்தேவிட்டது. 2018 நவம்பர் 30 அன்று வெளியாகி, முதல் வார இறுதியில் சுமார் 12 லட்சம் டாலர்தான் வசூல். சீன முகங்கள் நிறைந்த திரையை அன்றாடம் பார்ப்பவர்களுக்கு இதில் புதுமை என்ன இருக்கிறது? பற்றாக்குறை உள்ள இடத்தில்தான் பிரதிநிதித்துவத்துக்கு மதிப்பு.

ஒரு வருடம் கழித்து

2019 ஜூலையில் சிங்கப்பூரில் மின்பணச் சேவை ஒன்றுக்கு விளம்பரம் வந்தது. சீன நடிகர் ஒருவரே நான்கு வேடம் போட்டிருந்தார். அதில் ஒன்று, தோலைக் கறுப்பாக்கிக்கொண்டு, ‘கே. முத்துசாமி’ என்ற பெயர்ப்பட்டை மாட்டிய இந்திய ஊழியர். பல இனங்களையும் காட்ட ஒரு இனத்து நடிகர் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு தமிழரைக் கூப்பிட எவருக்கும் தோன்றவில்லை. நகைச்சுவைக் கலைஞர் ப்ரீத்தி நாயரும் ராப் பாடகரான அவர் சகோதரர் சுபாஸ் நாயரும் காட்டமாக ஒரு பாட்டுக் காணொலி போட்டார்கள். விளம்பரதாரர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். பதிலுக்குப் பாடியவர்களுக்கோ காவல்துறை 24 மாத நிபந்தனை எச்சரிக்கை கொடுத்தது.

படத்தையும் விளம்பரத்தையும் ஒரே தராசில் வைக்கவில்லை. இரண்டிலும் தெரியும் பழக்கம் ஒன்று: இந்தியர் என்றால் ஒரு சீருடை, ஒரு அடையாளம், அவ்வளவுதான். சிங்கப்பூர் இந்தியரை முழு மனிதராகக் காட்டிய படங்கள் இல்லாமல் இல்லை. 2016இல் கே. ராஜகோபாலின் ‘எ யெல்லோ பேர்ட்’ கான் விழாவின் விமர்சகர் வாரம் வரை போனது. ஆனால் அதன் நாயகன் சிறையிலிருந்து வெளியே வந்து அலைபவன். துயரப்பட இடம் கிடைக்கிறது. காதலித்துச் சொதப்ப இடம் கிடைப்பதில்லை. ஒரு தமிழ்ப் பெண் பொய் சொல்லி, பொறாமைப்பட்டு, பையன்கள் பின்னால் அலைந்து அசடு வழிவதை உலகம் பார்த்தது 2020இல், ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரில். யாழ்ப்பாண வேர் கொண்ட கனடியப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன் நடித்தார். கதை நடப்பது கலிஃபோர்னியாவில். தமிழ் அதிகாரபூர்வ மொழியாக இருக்கும் சிங்கப்பூரில் அல்ல.

கேமராவுக்குப் பின்னால்

திரைக்கதையில் இரண்டு பெயர். பீட்டர் கியாரெல்லி, வெள்ளையர், 2009இல் சாண்ட்ரா புல்லக் நடித்த வெற்றிக் காதல் நகைச்சுவையை எழுதியவர். அடெல் லிம், மலேசியாவில் பிறந்தவர், தொலைக்காட்சித் தொடர்களில் நீண்ட அனுபவம், படத்துக்குப் புதியவர். படம் ஓடிய ஓட்டத்தில் அடுத்த பாகத்துக்குப் பேச்சு தொடங்கியது. 2019 செப்டம்பரில் தி ஹாலிவுட் ரிப்போர்ட்டர் விஷயத்தை வெளியிட்டது. கியாரெல்லிக்கு 8 முதல் 10 லட்சம் டாலர் வரை, லிம்முக்கு 1 லட்சத்துப் பத்தாயிரம் சொச்சம் என்று பேசப்பட்டிருந்தது. லிம் விலகிவிட்டார்.

தன்னைப் போன்றவர்களைக் கதையின் மேல் தெளிக்கும் சோயா சாஸாகத்தான் பார்க்கிறார்கள் என்று அவர் சொன்னார். பண்பாட்டு வாசனைக்கு அவர், கதைக்கு வேறொருவர். கியாரெல்லி தன் சம்பளத்தைப் பகிர்ந்துகொள்ள முன்வந்தார், லிம் மறுத்தார். இன்னொருவர் பெருந்தன்மையால் கிடைப்பது சமமான ஊதியம் ஆகாது. ஸ்டுடியோ தரப்பின் விளக்கம், பட அனுபவத்தை வைத்துத்தான் ஊதியம் என்பது. அதில் ஒரு சுழல் இருக்கிறது: முன்பு வாய்ப்பே தரப்படாதவர்களுக்கு அனுபவம் எங்கிருந்து வரும்? எல்லாரும் இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது நடிகர் பட்டியலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இந்தச் சம்பளப் பட்டியல்தான் அதிகம் சொல்கிறது. பெரிய ஸ்டுடியோ கைதட்டல் வாங்கிய அதே கதையின் பெயரிலேயே பழைய கணக்கைத் தொடர்ந்திருக்கிறது.

லிம் சும்மா இருக்கவில்லை. ‘ராயா அண்ட் தி லாஸ்ட் டிராகன்’ எழுத்தில் பங்கு, 2023இல் ‘ஜாய் ரைட்’ இயக்கம். மிஷெல் யோ அந்த ஆண்டு சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை வாங்கினார். இரண்டாம் பாகத்துக்கு 2022இல் ஏமி வாங் எழுத்தாளராக வந்தார்; படம் மட்டும் நகரவில்லை. 2025 பிப்ரவரியில் மேக்ஸ் தளத்துக்காகத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. அதைத் தலைமையேற்று நடத்தப்போவது அடெல் லிம்தான் என்றும் சொன்னார்கள்.

இரண்டு மணி நேரப் படத்தில் இடமில்லை என்ற சாக்கு தொடருக்குச் செல்லாது. யங் குடும்ப மாளிகையான டயர்சால் பார்க்கில் காவல் காப்பவருக்கு வீடு உண்டு, ஒருவேளை பொருளியல் படிக்கும் மகளும் உண்டு. தெம்பனிஸில் அடுக்குமாடி வீடு, தேக்காவில் சனிக்கிழமைச் சந்தை, அம்மா பார்த்து வைத்த மாப்பிள்ளை, அலுவலகத்தில் தானே பார்த்து வைத்த ஒரு மலாய்க்காரப் பையன். ஒரு காதல் நகைச்சுவைக்கு இதற்கு மேல் என்ன சிக்கல் வேண்டும்? எழுதுவோர் அறையில் அந்த மகளைத் தெரிந்த ஒருவருக்கு நாற்காலி போட்டிருக்கிறார்களா, அவருக்கு எவ்வளவு சம்பளம் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.